பாதி வயர் இரும்பு: தூத்துக்குடிக் கரையில் பழைய கார்களின் ஷார்ட்

பழைய காரில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரே ஒரு வயர்தான் போகிறது. பேட்டரியில் கிளம்பும் மின்சாரம் சுவிட்ச் வழியாக விளக்கு வரை செம்புக் கம்பியில் வருகிறது. விளக்கிலிருந்து பேட்டரிக்குத் திரும்ப அதற்குத் தனிக் கம்பி கிடையாது. காரின் இரும்பு உடம்பே திரும்பும் வழி. பட்டறையில் ‘பாடி எர்த்’ என்று சொல்வது இதைத்தான். செம்பு மிச்சம், எடை குறைவு, வேலையும் சுலபம் என்பதால் உலகம் முழுவதும் கார் செய்தவர்கள் இந்த முறையையே கைக்கொண்டார்கள்.

இதற்கு இரண்டு விளைவுகள் உண்டு. வயரின் உறை எந்த இடத்தில் கிழிந்தாலும், அந்த இடத்திலேயே திரும்பும் வழி தொட்டுக்கொண்டு நிற்கிறது. விளக்கைச் சுற்றிப் போகாமல் மின்சாரம் அங்கேயே குறுக்கே பாய்ந்துவிடும். இது எல்லோருக்கும் தெரிந்த ஷார்ட். இரண்டாவது விளைவை அவ்வளவாக யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வண்டியின் ஒவ்வொரு மின் சுற்றிலும் பாதி இரும்பு. இரும்பு துருப்பிடித்தால் வயரிங் துருப்பிடித்தது என்றே பொருள். கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு பழைய காருக்கு இது மெல்ல வருகிற நோய். முள்ளக்காட்டு உப்பளங்களைத் தாண்டித் துறைமுகத்துக்குத் தினமும் போய்வரும் காருக்கு வேகமாக வருகிற நோய்.

ஆகவே இந்தக் கரையில் ஒருவர், “அண்ணாச்சி, வண்டியில ஷார்ட்டு இருக்கு, பாருங்க” என்று பழைய காரைக் கொண்டுவந்து விட்டால், செம்பைத் தேடுவதற்கு முன்னால் இரும்பைப் பார்க்க வேண்டும் என்பது என் முடிவு. அந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதையும், ஷார்ட் தேடும் முறைகளில் எதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் இங்கே சொல்கிறேன்.

எந்தக் கார்கள்?

தமிழ்நாட்டில் பழைய கார் என்றால் பெரும்பாலும் மூன்று பெயர்கள். மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை அடியாக வைத்து மேற்கு வங்கத்து உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசிடர். 1950களின் இறுதியில் தொடங்கி 2014 மே மாதம் வரை அது வெளிவந்தது. இரண்டாவது, 1964இல் பியட் 1100 டிலைட் என்று வந்து 1974இல் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிய பம்பாய் வண்டி. மூன்றாவது நம் ஊர்க்காரன்: சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அதன் வாரிசாக 1972இல் கெஸல் வந்தது.

அம்பாசிடரும் ஹெரால்டும் பிரிட்டிஷ் வழி. அவற்றின் மின்சாதனங்கள் லூகாஸ் வகை. திருக்குறுங்குடியில் பிறந்து மதுரையில் 1911இல் தொழில் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்காரின் குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து 1961இல் சென்னை பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனத்தை அமைத்தன. இந்தியச் சாலைகளில் ஓடிய டைனமோ, செல்ஃப் மோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றில் பெரும்பங்கு அங்கிருந்து வந்தவை. லூகாஸ் சாதனங்களை இருட்டோடு சேர்த்துக் கேலி பேசும் வழக்கம் ஆங்கிலேயக் கார்ப் பிரியர்களிடம் நெடுநாளாக உண்டு. அதில் நியாயம் குறைவு என்றே நினைக்கிறேன். ஐம்பது அறுபது ஆண்டு கழித்தும் ஒருவர் வரைபடம் இல்லாமலேயே அந்த வயரிங்கைப் படிக்க முடிகிறது என்றால், அது நன்றாக யோசித்துச் செய்த வேலை.

படிக்க முடிவதற்குக் காரணம் நிறம். பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேரே வருவது, எப்போதும் உயிரோடு இருப்பது, ஃபியூஸ் இல்லாதது. வெள்ளை, சாவி திருப்பியதும் வருவது. அதற்கும் ஃபியூஸ் இல்லை. வெள்ளை ஃபியூஸைத் தாண்டினால் பச்சை. பழுப்பு ஃபியூஸைத் தாண்டினால் ஊதா. நீலம் ஹெட்லைட்டுக்கு, சிவப்பு பார்க்கிங் விளக்குக்கும் டெயில் விளக்குக்கும், கறுப்பு எர்த்துக்கு. பச்சையில் ஊதாக் கோடு போட்டிருந்தால் பிரேக் விளக்கு. பச்சையில் சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டர், வெள்ளைக் கோடு வலது. இந்த அட்டவணை மனதில் இருந்தால் பாதித் தேடல் முடிந்தது. ஆனால் வண்டியில் கைவைத்தவர்கள் கையில் அகப்பட்ட நிறத்தில் ஒட்டுப்போட்டிருந்தால் இந்த மொழி அங்கே அறுந்துபோகும். ஒட்டு இருக்கும் இடம்தான் பெரும்பாலும் நோய் இருக்கும் இடமும்.

இந்த வண்டிகளின் பெரிய குறை ஃபியூஸ் பற்றாக்குறை. அந்தக் காலத்துப் பல பிரிட்டிஷ் வகைக் கார்களில் இரண்டே ஃபியூஸ். ஏ1, ஏ2 முனைகளுக்கு நடுவே ஒன்று ஹார்ன் போன்றவற்றுக்கு. ஏ3, ஏ4 முனைகளுக்கு நடுவே ஒன்று வைப்பர், இண்டிகேட்டர், பிரேக் விளக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து. ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. ஆக நீல வயரிலோ பழுப்பு வயரிலோ ஷார்ட் ஏற்பட்டால் தடுக்க ஒன்றுமில்லை; வயரே ஃபியூஸாக எரியும். 12 வோல்ட்தானே என்று அலட்சியம் கூடாது. நல்ல பேட்டரி ஒன்று நேரடி ஷார்ட்டில் பல நூறு ஆம்பியர் தள்ளும். வயரின் பிவிசி உறை உருகி, பக்கத்து வயரின் உறையையும் உருக்கி, கட்டு முழுவதும் புகையாவதற்குச் சில நொடிகள் போதும்.

லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று எழுதியிருப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. அது எரிந்துபோகும் அளவு; தொடர்ந்து தாங்கும் அளவு 17 ஆம்பியர்தான். இன்றைய ஃபியூஸ்களில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. பழைய 35க்குப் பதில் கடையில் புதிய முறை 35ஐ வாங்கிப் போட்டால் பாதுகாப்பு பாதியாகிவிடும். பலருக்கும் இது தெரிவதில்லை.

ஒரே பெயரில் நான்கு நோய்

பட்டறைக்கு ‘ஷார்ட்’ என்று வருவதில் நான்கு வகை இருக்கின்றன. முதலாவது நேரடி ஷார்ட்: உயிர் வயர் பாடியைத் தொடுகிறது, ஃபியூஸ் போட்டவுடன் போகிறது, அல்லது புகை வருகிறது. இரண்டாவது கசிவு: எதுவும் எரிவதில்லை, ஆனால் இரவு நிறுத்திய வண்டி காலையில் செல்ஃப் அடிப்பதில்லை. மூன்றாவது எர்த் கோளாறு: திரும்பும் வழி அடைபட்டு, மின்சாரம் வேறு விளக்கின் வழியாக வளைந்து போகிறது. இண்டிகேட்டர் போட்டால் டெயில் விளக்கும் சேர்ந்து மினுக்குவது, பிரேக் மிதித்தால் டெயில் விளக்கு மங்குவது எல்லாம் இந்த வகை. நான்காவது அதிகச் சுமை: வயரில் பழுதே இல்லை, அதன் தலையில் ஏற்றிய பாரம் கூடிவிட்டது.

நான்காவதற்கு ஒரு கணக்கு. இரண்டு 45 வாட் பல்புக்கு 12 வோல்ட்டில் 7.5 ஆம்பியர். அதே வயரில் இரண்டு 100 வாட் ஹாலோஜனை மாட்டினால் 16.7 ஆம்பியர். வயர் அதேதான், சுவிட்ச் அதேதான். பழைய டைனமோ ஒன்றின் முழுத் திறனே 22 ஆம்பியர் அளவுதான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இதற்கு மேல் ஏர் ஹார்ன், பாட்டுப்பெட்டி, ஏசி. சுவிட்சு கருகி நாற்றம் வந்தவுடன் ‘ஷார்ட்’ என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

நான்குக்கும் மருந்து வேறு வேறு. எந்த நோய் என்று பிரிக்காமல் வயரைப் பிரிப்பதுதான் இந்தத் தொழிலில் நடக்கும் பெரிய வீண்செலவு.

உப்பு செய்யும் வேலை

இந்தியாவில் உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்துக்கு. வேப்பலோடை, முள்ளக்காடு, ஆறுமுகநேரி என்று கரையோரம் நெடுகப் பாத்திகள். கடல் காற்றில் ஏற்கெனவே உப்புத் துளிகள் உண்டு. வெயில் காலத்தில் காற்றடித்தால் புழுதியோடு உப்பும் சேர்ந்து பானெட்டின் இடுக்கில் போய் உட்காரும்.

உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதைவிட மிகக் குறைந்த ஈரத்திலேயே கசியும். கரைந்த உப்பு நல்ல கடத்தி. அதனால் பகலில் சரியாக இருக்கும் ஃபியூஸ் பெட்டியும் பேட்டரி மேல்மூடியும் பனி இறங்கும் விடியற்காலையில் கசிகின்றன. மெக்கானிக்கிடம் வண்டி போய்ச் சேரும் நேரம் காலை பதினொரு மணி. அப்போது எல்லாம் காய்ந்திருக்கும், மீட்டரில் ஒன்றும் காட்டாது. இந்த ஊரில் ‘கண்டுபிடிக்க முடியாத ஷார்ட்’ என்று கைவிடப்பட்ட வண்டிகளை அதிகாலையில் ஒரு முறை சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பேட்டரி மேல்மூடியின் கசிவை அறிவது எளிது. வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஒரு துருவத்தில் வைத்து, மறு முனையால் பிளாஸ்டிக் மூடியின் மேல் தடவினால் போதும். மீட்டர் வோல்ட் காட்டினால் மூடியின் மேலேயே ஒரு பாதை உண்டாகியிருக்கிறது. சமையல் சோடா கரைத்த நீரால், உள்ளே இறங்காமல் துடைத்து உலர்த்தினால் தீர்ந்தது.

அடுத்தது செம்பு. குளோரைடு பட்ட செம்பு முதலில் கறுக்கும், பிறகு பச்சை பூக்கும். முனையில் பிடித்த ஈரம் உறைக்குள்ளேயே, இழைகளுக்கு நடுவே, நெடுந்தூரம் ஏறிவிடுகிறது. வெளியே பார்த்தால் வயர் புதிது மாதிரி இருக்கும். உறையைச் சீவினால் உள்ளே கரி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் மிதந்தன. அப்படி வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு எஞ்சின் ஆயிலை மாற்றிக் கிளப்பிவிட்டால் வேலை முடிந்ததாகாது. தரைவிரிப்புக்கு அடியில் பின்பக்கம் ஓடும் வயர்க்கட்டில் ஏறிய நீர் மாதக்கணக்கில் வேலை செய்யும்.

இதில் துருவத்துக்கும் பங்கு உண்டு. ஈர உப்பு வழியே இரண்டு உலோகங்களுக்கு நடுவே மின்சாரம் கசியும்போது, நேர்மின் பக்கம் இருக்கும் உலோகம் கரையும். தொலைபேசித் துறை உலகெங்கும் தன் 48 வோல்ட் இணைப்புகளில் நேர்முனையை எர்த் செய்து வைத்திருப்பது, மண்ணுக்குள் கிடக்கும் செம்புக் கம்பி கரையாமல் இருக்கத்தான். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பெரும்பாலான பிரிட்டிஷ் கார்களும் நேர்முனை எர்த். பியட் வழி வந்த பத்மினி எதிர்முனை எர்த். பிறகு டிரான்சிஸ்டர் சாதனங்களும் ஆல்டர்னேட்டரும் பரவியபோது எல்லோரும் எதிர்முனைக்கு வந்துவிட்டார்கள். ஆரம்பகால பிரிட்டிஷ் வகை வண்டி ஒன்றை வாங்குபவர், பேட்டரியில் கைவைக்கும் முன் எந்த முனை பாடியில் இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். பழக்க தோஷத்தில் பேட்டரியைத் திருப்பி வைத்துவிட்டால், பிற்காலத்தில் மாட்டிய ஆல்டர்னேட்டரின் டையோடுகள் அந்த நொடியே போய்விடும்.

இந்த இடத்தில் துறைமுகத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையின்படி, 1600 மொத்த டன் அளவும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களில் விளக்குக்கும் விசைக்கும் கப்பலின் இரும்பு உடம்பைத் திரும்பும் வயராகப் பயன்படுத்தக் கூடாது. எண்ணெய்க் கப்பல்களில் எதற்குமே கூடாது. வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் வந்து நிற்கும் அத்தனை பெரிய கப்பல்களிலும் போகும் வயருக்குத் துணையாக வரும் வயர் ஒன்று இருக்கிறது. மரத்தில் கட்டிய தோணியிலோ வேறு வழியே இல்லை. மரம் கடத்தாது, இரண்டு வயர் போட்டுத்தான் ஆக வேண்டும். உப்பின் குணம் தெரிந்தவர்கள் கைவிட்ட முறையோடு, உப்புக் காற்றில் நம் கார்கள் மட்டும் நிற்கின்றன.

தேடும் வழிகள்

எந்தத் தேடலுக்கும் முன்னால் பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றுங்கள். உயிர் முனையை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டு நீங்களே ஒரு ஷார்ட்டை உண்டாக்குவீர்கள்.

அதிகம் புழங்கும் வழி, போன ஃபியூஸுக்குப் பதில் இன்னொன்று போட்டுப் பார்ப்பது. அதுவும் போனால் பெரியதாக ஒன்று; அதுவும் போனால் சிகரெட் பெட்டித் தகடு. இந்தக் கடைசிப் பழக்கத்தால் கார்கள் எரிந்திருக்கின்றன. இரண்டாவது வழி பேட்டரிக் கேபிளை முனையில் தட்டிப் பொறி பார்ப்பது. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும்; அதன் பக்கத்தில் பொறி விடுவதை எந்த அனுபவசாலி செய்தாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஓம் மீட்டர் வைத்துத் தேடுவது நவீனமாகத் தெரியும். இங்கேதான் படித்தவர்கள் ஏமாறுகிறார்கள். பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் தடை, எரியும்போது இருப்பதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். இரண்டு 45 வாட் ஹெட்லைட் எரியும்போது 1.6 ஓம், அணைந்து குளிர்ந்திருக்கும்போது 0.2 ஓமுக்கும் கீழே. மீட்டர் சுழியத்தை ஒட்டிக் காட்டும், நல்ல சுற்றையே ஷார்ட் என்று முடிவு கட்டிவிடுவோம். பல்புகள் அத்தனையும் கழற்றாமல் ஓம் பார்ப்பதில் அர்த்தமில்லை.

எல்லாவற்றிலும் சிறந்தது, விலையும் குறைந்தது, டெஸ்ட் லேம்ப். ஃபியூஸைக் கழற்றிவிட்டு அதன் இரண்டு முனைகளுக்கு நடுவே 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை மாட்டுங்கள். ஃபியூஸுக்கு அப்பால் நேரடி ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். சுற்றில் பாயும் மின்சாரம் 1.75 ஆம்பியரைத் தாண்டாது. எதுவும் கருகாது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிதானமாகத் தேடலாம். பிறகு ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றியதும் பல்பு அணைகிறதோ, நோய் அதற்கு அப்பால் இருக்கிறது. ஃபியூஸ் இல்லாத பழுப்பு, நீல வயர்களுக்கும் இதே முறை செல்லும். பேட்டரிக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவே பல்பை மாட்டினால் போதும். அங்கே கொஞ்சம் பெரிய பல்பு, ஹெட்லைட் பல்பே கூட நல்லது.

கழற்றுவதற்கும் ஒரு முறை வேண்டும். ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போகாமல் நடுவில் பிரியுங்கள். முன்பக்கமா பின்பக்கமா என்று முதல் கழற்றலில் தெரிந்துவிடும்; அடுத்த கழற்றலில் அதில் பாதி. பதினாறு கிளை உள்ள வயர்க்கட்டில் நான்கு கேள்வியில் விடை கிடைக்கும்.

ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். அம்பாசிடர், பிரேக் மிதித்தால் மட்டும் ஃபியூஸ் போகிறது, வைப்பரும் இண்டிகேட்டரும் அதோடு சேர்ந்து நிற்கின்றன. வயரைத் தொடுவதற்கு முன்னால் இந்தச் செய்தியே எவ்வளவு சொல்லிவிட்டது பாருங்கள். ஏ4இல் கிளம்பும் பச்சை நல்ல நிலையில் இருக்கிறது. இல்லையென்றால் சாவி திருப்பியவுடன் போயிருக்கும். பிரேக் சுவிட்ச் வரை பழுதில்லை. சுவிட்சைத் தாண்டிய பச்சை–ஊதா வயரில், பின் விளக்கு வரை உள்ள பாதையில்தான் கோளாறு. ஃபியூஸ் இடத்தில் பல்பை மாட்டி, ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, டிக்கிக்குள் இருக்கும் புல்லட் இணைப்புகளைக் கழற்றுங்கள். ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: நல்ல பிரேக் விளக்குகள் வழியாகவும் சோதனைப் பல்பு மங்கலாக எரியும். முழு வெளிச்சத்துக்கும் மங்கலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண் பழக வேண்டும். சந்தேகமிருந்தால் பின் விளக்குப் பல்புகளைக் கழற்றிவிடலாம். இணைப்பைக் கழற்றியும் முழு வெளிச்சம் தொடர்ந்தால், வயர் ஓடும் பாதையில், பின்சீட்டுக்கு அடியில், தரைவிரிப்புக்குக் கீழே, எங்கோ தகட்டு விளிம்பு உறையை அறுத்திருக்கிறது. அணைந்தால் விளக்குக் கூட்டுக்குள்ளேயே.

கசிவுக்கு இந்த முறை போதாது, அம்மீட்டர் வேண்டும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எர்த் கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை மாட்டுங்கள். கடிகாரம்கூட இல்லாத பழைய காரில் சுழியம் காட்ட வேண்டும். ஐந்து வாட் விளக்கு ஒன்று டிக்கியிலோ டேஷ்போர்டு அறையிலோ அணையாமல் இருந்தால் 0.42 ஆம்பியர், 40 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கே நாளில் காலி. மீட்டர் மாட்டியபடி செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும். கிளாம்ப் மீட்டர் வாங்குவதானால் டிசி அளப்பதா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு மின்சாரத்துக்கான சாதாரணக் கிளாம்ப் இங்கே எதையும் காட்டாது.

கசிவில் ஒரு விசேஷம் டைனமோ வண்டிகளுக்கு உரியது. டைனமோவைப் பேட்டரியோடு இணைத்துப் பிரிக்கும் கட்-அவுட்டின் பாயிண்டுகள் ஒட்டிக்கொண்டால் எஞ்சின் நின்ற பிறகும் பேட்டரி டைனமோ வழியாக வடிந்துகொண்டே இருக்கும். வயரிங் முழுவதையும் பிரித்தாலும் ஒன்றும் அகப்படாது. வண்டியை நிறுத்திச் சற்று நேரம் கழித்து டைனமோவின் தடித்த வயரைக் கழற்றினால் பொறி வருகிறதா, மீட்டர் விழுகிறதா என்று பார்த்தால் தெரியும். ஆல்டர்னேட்டராக இருந்தால் சந்தேகம் டையோடு மேல்.

எர்த் சோதனை எல்லாவற்றிலும் சின்னது. விளக்கை எரியவிட்டு, வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மறு முனையை விளக்கின் கூட்டிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திரும்பும் வழி கெட்டிருக்கிறது. செல்ஃப் அடித்துக்கொண்டே எஞ்சின் பிளாக்கில் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் பாடிக்கும் அதற்கும் நடுவே ஒரு எர்த் பட்டை இருக்கும். அது துருப்பிடித்து அறுந்தால், செல்ஃபின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிள் கொதிக்கும், உறை உருகும், புகை வரும். பார்ப்பவர் வயரிங் ஷார்ட் என்றே சத்தியம் செய்வார். வயரில் ஒரு கீறலும் இருக்காது.

எங்கே தேடுவது

ஹெரால்டில் முன்பக்கம் முழுவதும் ஒரே பானெட்டாக முன்னால் சாய்ந்து திறக்கும். ஹெட்லைட்டும் அதோடு சேர்ந்தே போகும். திறக்கும்போதும் மூடும்போதும் வயர் மடிந்து மடிந்து கீல் அருகில் அறுபடும். மேலும் அதன் உடம்பு தனிச் சேஸிஸ் மேல் போல்ட் போட்டு இணைத்த தகடுகள். ஒவ்வொரு போல்ட்டும் மின்சாரம் தாண்ட வேண்டிய ஒரு வாசல். உப்புக் காற்றில் ஒவ்வொரு வாசலும் அடைபடும். எர்த்துக்குத் தனிக் கறுப்பு வயர் இழுக்க வேண்டிய கார்களில் ஹெரால்டுக்கு முதலிடம் தருவேன்.

பழைய அம்பாசிடரில் காலால் மிதிக்கும் டிப்பர் சுவிட்ச் தரையில் இருக்கிறது. மழைக்காலச் செருப்பின் ஈரம் முழுவதும் அதற்குத்தான். ஸ்டீயரிங் தண்டுக்குள் ஓடும் ஹார்ன் வயர் திருப்பத்தில் மட்டும் தொட்டு விடும். கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் புல்லட் இணைப்புகள் எதிர்க்காற்றை நேரே வாங்குகின்றன. பத்மினியின் ஐரோப்பிய வகை ஃபியூஸில் உலோகப் பட்டை வெளியே திறந்தே கிடக்கும். இந்த ஊர்க் காற்றுக்கு அது தாங்காது, ஆண்டுக்கு ஒரு முறை எல்லாவற்றையும் மாற்றிவிடுவது நல்லது.

எல்லா வண்டிக்கும் பொதுவானது டிங்கரிங். துருப்பிடித்த தகட்டை வெட்டி ஒட்டி, பட்டி பூசி, பெயின்ட் அடித்து அழகாக்கித் தருகிறார்கள். எர்த் போல்ட் உட்காரும் இடத்திலும் பெயின்ட். வண்டி பளபளவென்று வரும், விளக்கு மங்கிவிடும். அந்த இடங்களில் உலோகம் தெரியச் சுரண்டி, பல் உள்ள வாஷர் போட்டு முறுக்கி, மேலே வாசலின் தடவ வேண்டும்.

முழு வயரிங்கா, ஒட்டுவேலையா?

இதில் இரண்டு கட்சி. முழு வயரிங்கையும் மாற்றிவிட்டால் நிம்மதி என்பவர்கள் ஒரு பக்கம். பழைய வண்டியின் மதிப்பு பழைய வயரிலும் இருக்கிறது என்பவர்கள் மறுபக்கம். 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைத் தாண்டிய, சேஸிஸ், பாடி, எஞ்சின் மாற்றப்படாத வண்டிகளை ‘விஏ’ எழுத்துகளோடு வின்டேஜ் வாகனமாகப் பதியலாம். மூலவடிவம் பற்றிய அக்கறை அதனால் கூடியிருக்கிறது. அந்த விதி பேசுவது சேஸிஸையும் பாடியையும் எஞ்சினையும். வயரை மாற்றியதால் மட்டும் வண்டி தன் தகுதியை இழப்பதில்லை.

பருத்தி உறை போட்ட வயரோ, வளைத்தால் நொறுங்கும் உறையோ இருந்தால் பேச்சே இல்லை, முழுவதும் மாற்றுங்கள். மற்றபடி முழு வயரிங்குக்கு முன்னால் மூன்று வேலைகளைச் செய்யுங்கள். எர்த் எல்லாவற்றையும் புதுப்பியுங்கள். ஹெட்லைட்டுக்கு ரிலேயும் ஃபியூஸும் போடுங்கள். பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வையுங்கள். இத்தனையும் செய்து தீராமல் முழு வயரிங் என்று வந்தால், உள்ளூர்ப் படகுக்காரர்களைக் கேளுங்கள்: வெள்ளீயம் பூசிய செம்பு இழை வயர், ஒவ்வொரு விளக்குக்கும் தனியாகத் திரும்பும் கறுப்பு வயர், நிறம் லூகாஸ் அட்டவணைப்படி. செலவு கூடும். ஆனால் புதிய சாதாரண வயரை இந்தக் காற்றில் போட்டுச் சில ஆண்டில் மறுபடியும் தேடலில் இறங்குவதைவிட அது மலிவு.

இதே கரையில் 2025 ஆகஸ்ட் 4 அன்று வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை திறக்கப்பட்டது. மின்கார்களின் உயர் அழுத்தச் சுற்று பாடியைத் தொடுவதே இல்லை. இரண்டு முனையும் பாடியிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள காப்புத் தடை, டிசி சுற்றில் வோல்ட்டுக்கு 100 ஓமுக்குக் குறையக் கூடாது என்று சர்வதேச விதி சொல்கிறது. அதைக் கார் தானே கண்காணித்து எச்சரிக்கும். கப்பல்காரர்கள் முன்பே வந்து சேர்ந்த இடத்துக்குக் கார்களும் வந்துவிட்டன. ஆனாலும் அதே மின்காரில் விளக்கும் வைப்பரும் ஓடும் 12 வோல்ட் சுற்று இன்னும் பாடி எர்த்தான். உப்புக் காற்றும் அதேதான். இன்று அம்பாசிடரில் டெஸ்ட் லேம்ப் பிடிக்கக் கற்றுக்கொள்ளும் பையனுக்கு நாளைக்கும் வேலை இருக்கிறது.

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஐப்பசி மழை தொடங்குமுன், புரட்டாசியிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். எர்த் போல்ட்டுகளைக் கழற்றிச் சுரண்டி முறுக்குங்கள், புல்லட் இணைப்புகளைத் துடையுங்கள், ஃபியூஸ்களின் அளவைப் பாருங்கள். உங்கள் வண்டியில் யார் எந்த வயரை எந்த நிறத்தில் மாற்றினார்கள் என்பதை ஒரு தாளில் வரைந்து டேஷ்போர்டில் வையுங்கள். அடுத்து அந்த வண்டியைத் திறக்கப்போகும் எலக்ட்ரீசியனுக்கு அந்தத் தாள் தேவைப்படும்.